வெள்ளிக்கிழமை ஒன்று, மணி நேரமோ முப்பத்தாறு! உலகைச் சுற்றி வரும் மாதர் ஜெப தினம்

மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. பசிபிக் மாகடலில் உள்ள டோங்கா தீவில் பொழுது விடிகிறது. காலை 6 மணிக்கு அங்கே பெண்கள் ஆலயத்தில் கூடினால், நம் கடிகாரத்தில் அப்போது வியாழன் இரவு 10-30. இங்கே தாய்மார்கள் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் பாயை விரிக்கும் நேரம்.

டோங்காவில் தொடங்கும் ஜெபம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான், கொரியா என்று மேற்கே நகர்கிறது. இந்தியாவில் விடிந்ததும் இங்கே வந்து சேர்கிறது. பிறகு ஆப்பிரிக்கா, ஐரோப்பா. அட்லாண்டிக்கைத் தாண்டினால் அமெரிக்கா. கடைசி நிறுத்தம் மறுபடியும் பசிபிக்தான். அமெரிக்க சமோவா என்னும் தீவு. அங்கே வெள்ளி மாலை 6 மணிக்கு ஜெபம் முடிந்தால், நமக்குச் சனிக்கிழமை காலை 10-30 ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை என்னவோ ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் முப்பத்தாறு மணி நேரம்!

இதற்கு உலக ஜெப தினம் என்று பெயர். 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது நடக்கிறது. முன்னின்று நடத்துகிறவர்கள் பெண்கள். ஆண்கள் வரலாம், உட்காரலாம், சேர்ந்து பாடலாம். ஆனால் எதற்காக ஜெபிப்பது, யார் பேசுவது, காணிக்கைப் பணம் எங்கே போவது என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் பெண்கள்தான்.

இந்த உரிமை அவர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. அதன் பின்னால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அந்தக் கதையில் நம் சென்னைக்கும் வேலூருக்கும்கூட இடம் உண்டு.

ஓட்டு இல்லாத காலம்

கதை தொடங்குவது அமெரிக்காவில். அந்த நாட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத காலம். ஆலயத்தில் பெஞ்சுகளை நிரப்புகிறவர்கள் பெண்கள். பிரசங்க பீடத்தில் நிற்பவர் ஆண். கமிட்டியில் இருப்பவர்கள் ஆண்கள். கஜானாச் சாவியும் அவர்கள் கையில். வெளிநாட்டுக்கு மிஷனரியாகப் போக விரும்பிய கல்யாணமாகாத பெண்களை அனுப்ப அந்தக் கமிட்டிகள் தயங்கின. மிஷனரியின் மனைவியாகப் போகலாம். தனி ஆளாகப் போகக் கூடாது என்பது அன்றைய நினைப்பு.

பெண்கள் சண்டைக்குப் போகவில்லை. தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1861-ல் நியூயார்க்கில் இப்படி ஒரு சங்கம் பிறந்தது. எந்தச் சபையைச் சேர்ந்த பெண்ணும் அதில் சேரலாம். 1869 மார்ச்சில் பாஸ்டன் நகரில் மெதடிஸ்ட் சபைப் பெண்கள் இன்னொரு சங்கத்துக்குக் கூட்டம் கூட்டினார்கள். அன்று பார்த்து நல்ல மழை. வந்து சேர்ந்தவர்கள் 8 பேர்தான். அந்த எட்டுப் பேர் தொடங்கிய சங்கம் அடுத்த சில மாதங்களிலேயே இரண்டு பெண்களை இந்தியாவுக்கு அனுப்பி வைத்தது. ஒருவர் இசபெல்லா தோபர்ன். லக்னோவில் அவர் பெயரில் இன்றும் கல்லூரி இருக்கிறது. மற்றவர் டாக்டர் கிளாரா ஸ்வெயின். பரேலியில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தவர்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? வாரத்துக்கு இரண்டு சென்ட். கூடவே ஒரு ஜெபம். மெதடிஸ்ட் பெண்கள் வைத்துக்கொண்ட கணக்கு அவ்வளவுதான். இரண்டு சென்ட் என்பது சில்லறைக் காசு. புருஷனிடம் கேட்காமல் மளிகைச் செலவில் மிச்சம் பிடித்துவிடலாம்.

நம் திருநெல்வேலிச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் பானையில் போட்டு வைப்பார்கள். அதைச் சேர்த்துக் கொண்டுபோய் ஆலயத்தில் கொடுப்பார்கள். ஊர் வேறு, மொழி வேறு. ஆனால் வீட்டுச் செலவிலிருந்து பெண் எடுக்கும் பங்கு எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

தேசத்தின் பாவம்

1887-ல் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் மேரி ஜேம்ஸ் என்ற பிரெஸ்பிட்டேரியன் சபை அம்மையார் ஓர் அழைப்பு விடுத்தார். அப்போது ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏழை ஜனங்கள் பிழைப்புத் தேடி வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாது, குடியிருக்க இடம் கிடையாது. சொந்த நாட்டில் நடக்கும் ஊழியத்துக்காகப் பெண்கள் எல்லோரும் ஒரு நாளைக் குறித்து ஜெபிக்க வேண்டும் என்றார் அவர். தனி மனிதர் செய்த பாவத்தை மட்டுமல்ல, தேசம் செய்த பாவத்தையும் அறிக்கையிட வேண்டும்; அந்த மனவருத்தத்துக்கு அடையாளமாகக் காணிக்கையும் கொடுக்க வேண்டும் என்றார். ஓட்டுப் போட முடியாத ஒரு பெண், தேசத்தின் பாவத்துக்குத் தானும் பொறுப்பு என்று எழுந்து நின்றது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை.

சென்னையிலிருந்து திரும்பிய கைம்பெண்

இதே சமயத்தில் நம் சென்னையிலிருந்து ஒரு பெண் கப்பலேறினார். பெயர் லூசி வாட்டர்பரி. பாப்டிஸ்ட் மிஷனரியான கணவரோடு 1880-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, தெலுங்கு பேசும் மக்களிடையே வேலை செய்தவர். 1886-ல் கணவர் இறந்துபோனார். வயது 25 ஆகும்போதே கைம்பெண். 1887-ல் குழந்தைகளோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

போனவர் மூலையில் உட்காரவில்லை. பாப்டிஸ்ட் பெண்கள் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ராச்செஸ்டர் நகரத்து ஹெலன் பாரெட் மான்ட்காமரி அவருக்குத் தோழியானார். இருவரும் சேர்ந்து, வெளிநாட்டு ஊழியத்துக்காகவும் பெண்கள் ஒரு நாளைக் குறித்து ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார்கள். இது 1890-ஐ ஒட்டி நடந்தது. பிற்காலத்தில் மறுமணம் செய்துகொண்டதால் லூசியை உலகம் லூசி பீபாடி என்ற பெயரில் அறியும்.

தோழி மான்ட்காமரியும் சாதாரண ஆள் இல்லை. 1921-ல் வட பகுதி பாப்டிஸ்ட் சபைகளின் பேரவைக்கு அவர் தலைவரானார். அந்தப் பதவிக்கு அதற்குமுன் எந்தப் பெண்ணும் வந்ததில்லை. கிரேக்க மொழி கற்று, புதிய ஏற்பாடு முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1924-ல் வெளியிட்டார்.

1910-11-ல் பெண்கள் சங்கங்களின் ஐம்பதாம் ஆண்டு விழா வந்தது. இந்தத் தோழிகளும் மற்றவர்களும் அமெரிக்கா முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். சுமார் 10 லட்சம் டாலர் சேர்ந்தது. வெவ்வேறு சபைப் பெண்கள் ஒரே மேடையில் உட்கார்ந்து பழகியது அதைவிடப் பெரிய லாபம்.

மூன்று நாள் ஒரே நாள் ஆனது

உள்நாட்டுக்கு ஒரு நாள், வெளிநாட்டுக்கு ஒரு நாள். கனடா நாட்டுப் பெண்கள் தங்களுக்கென ஒரு நாள். இப்படித் தனித்தனியே நடந்தால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி எழுந்தது. 1920-ல் அமெரிக்கப் பெண்கள் தங்கள் இரண்டு நாட்களையும் ஒன்றாக்கினார்கள். லெந்து காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை குறிக்கப்பட்டது. அந்த நாட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததும் அதே 1920-ல்தான் என்பது குறிப்பிடத்தக்கது. 1922-ல் கனடாவும் அந்த நாளையே ஏற்றுக்கொண்டது. 1927 மார்ச் 4-ந் தேதி வெள்ளிக்கிழமை முதன்முதலாக உலக ஜெப தினம் என்ற பெயரோடு நடந்தது.

கைமாறிப் போன பெட்டி

இந்த இடத்தில் கதையில் ஒரு கசப்பு வருகிறது. பெண்களின் சங்கங்கள் பலத்தோடும் பணத்தோடும் வளர்ந்ததைச் சபைத் தலைவர்கள் பார்த்தார்கள். ஒரே சபைக்கு இரண்டு நிர்வாகம் எதற்கு என்று கேட்டார்கள். 1923-ல் அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபையின் பெண்கள் நிர்வாகக் குழுக்கள் ஆண்களின் பொது நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டன. சில்லறைக் காசாகச் சேர்த்துப் பெண்கள் கட்டிய அமைப்பு அது. தீர்மானம் போட்டபோது அவர்களிடம் முறையாகக் கேட்கக்கூட இல்லை.

1927-ல், அதாவது முதல் உலக ஜெப தினம் நடந்த அதே ஆண்டில், கேதரின் பென்னட், மார்கரெட் ஹாட்ஜ் என்ற இரண்டு அம்மையார்கள் அந்தச் சபைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். சபைப் பெண்களின் மன அமைதியின்மைக்குக் காரணங்கள் என்ன என்பதே அதன் பொருள். எங்கள் வேலையை எங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டீர்கள் என்பதை அவர்கள் மரியாதை குறையாமல், மழுப்பாமல் எழுதினார்கள். அதன் பலன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. 1930-ல் அந்தச் சபையில் பெண்கள் மூப்பர்களாகலாம் என்று விதி மாறியது.

பெட்டி போயிற்று, பதவியும் போயிற்று. ஆனால் வருஷத்தில் அந்த ஒரு வெள்ளிக்கிழமை பெண்கள் கையிலேயே தங்கிவிட்டது. அது எந்த ஒரு சபைக்கும் சொந்தமாக இல்லாததால், எந்த ஒரு சபையும் அதைத் தீர்மானம் போட்டு எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வேலூருக்கு வந்த டாலர்

இவர்கள் சேர்த்த பணம் எங்கே போயிற்று? தோழிகள் இருவரும் ஆசியாவில் பெண்களுக்குக் கல்லூரி வேண்டும் என்று பாடுபட்டார்கள். 1920-களின் தொடக்கத்தில் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காகப் பெரிய நிதி திரட்டினார்கள். பெண்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் 10 லட்சம் டாலர் நாங்கள் தருகிறோம் என்று ராக்பெல்லர் குடும்பத்து அறக்கட்டளை ஒன்று சொன்னது. ஆளுக்கு ஒரு டாலர் என்று வீடு வீடாகக் கேட்டுப் பெண்கள் சேர்த்துக் காட்டினார்கள்.

அந்த ஏழில் மூன்று இந்தியாவில் இருந்தன. ஒன்று லக்னோ இசபெல்லா தோபர்ன் கல்லூரி. இரண்டாவது 1915-ல் 41 மாணவிகளோடு தொடங்கிய சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி. மூன்றாவது டாக்டர் ஐடா ஸ்கடர் 1918-ல் வேலூரில் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி.

வேலூர்ப் பள்ளியைத் தொடங்கும்போது பெண்கள் எங்கே தேறப்போகிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் பரீட்சை எழுதிய ஆண்களிலேயே ஐந்தில் ஒருவர் தேறுவதுதான் வழக்கம். வேலூரிலிருந்து முதல் ஆண்டுப் பரீட்சைக்குப் போன 14 பெண்களும் தேறினார்கள். அதே பள்ளி வளர்ந்து, 1947-ல் ஆண்களுக்கும் இடம் கொடுத்து, இன்று சி.எம்.சி. என்று நாடெங்கும் அறியப்படுகிறது. நோயாளியை அழைத்துக்கொண்டு காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு சென்ட் கதை தெரிந்திருக்கும்?

காணிக்கையில் இன்னொரு பங்கு அமெரிக்காவுக்குள்ளேயே செலவானது. வயலிலும், காய்கனிகளை டின்னில் அடைக்கும் ஆலைகளிலும் வேலை தேடிக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போன கூலித் தொழிலாளர்கள் அங்கே ஏராளம். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. 1920-ல் பெண்கள் சங்கங்கள் அந்தப் பிள்ளைகளுக்காகப் பகல் நேரக் காப்பகங்களைத் தொடங்கின. பிழைக்கப் போன இடத்தில் குழந்தையை எங்கே விடுவது என்ற கவலை என்ன என்பதை வெளி மாநிலத்தில் இருக்கும் தமிழர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதுகிறவர் யார்?

ஒவ்வொரு ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் அந்த ஆண்டுக்கான ஆராதனை ஒழுங்கை எழுதுவார்கள். தங்கள் நாட்டில் பெண் எப்படி வாழ்கிறாள், எதற்கு அழுகிறாள், எதில் மகிழ்கிறாள் என்பதை அதில் சொல்வார்கள். அட்டைப் படத்தையும் அந்த நாட்டு ஓவியர் வரைவார். நியூயார்க்கில் உள்ள சர்வதேசக் கமிட்டி அதை எல்லா நாடுகளுக்கும் அனுப்பும். அந்தந்த நாட்டில் மொழிபெயர்த்துக்கொள்வார்கள். எந்த ஆண்டுக்கு எந்த நாடு, என்ன தலைப்பு என்பதைப் பல நாட்டுப் பெண்கள் கூடிச் சில ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள்.

முதலில் அமெரிக்கப் பெண்கள் எழுதினார்கள், மற்றவர்கள் படித்தார்கள். 1930-ல் இது மாறியது. அந்த ஆண்டு எழுதியவர் கொரியாவின் ஹெலன் கிம். அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. சொந்த நாட்டில் சுதந்திரம் இல்லாத ஒரு பெண் எழுதிய ஜெபத்தை அமெரிக்கா, கனடா பெண்கள் நின்று வாசித்தார்கள். அதுவரை அவர்கள் கொரியாவுக்காக ஜெபித்தார்கள். அந்த ஆண்டு கொரியா சொல்லிக் கொடுக்க ஜெபித்தார்கள். கிம் அடுத்த ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் சியோலில் உள்ள ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

இந்தியப் பெண்களின் முறை 1985-ல் வந்தது. ஜெபத்தாலும் செயலாலும் சமாதானம் என்பது தலைப்பு. அந்த ஆண்டு மார்ச் 1-ந் தேதி ஜெப தினம். தலைப்பை நிச்சயித்தபோது யாருக்கும் வரப்போவது தெரியாது. 1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி சுடப்பட்டார். அதைத் தொடர்ந்து டில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். டிசம்பரில் போபாலில் விஷவாயு. சமாதானம் என்ற வார்த்தையை உலகப் பெண்கள் இந்தியாவின் பெயரோடு சேர்த்துச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை, அந்த மூன்று துயரங்களுக்கும் அடுத்த வெள்ளிபோலத்தான் வந்தது.

ஜெபமும் செபமும்

பல காலம் இது புராட்டஸ்டண்ட் பெண்களின் நாளாகவே இருந்தது. கத்தோலிக்கப் பெண்களுக்குத் தனி ஜெப நாள் இருந்தது. 1960-களில் ரோமில் நடந்த இரண்டாம் வாடிகன் சங்கத்துக்குப் பிறகு கதவு திறந்தது. 1969-ல் கத்தோலிக்கப் பெண்கள் அமைப்புகளின் உலக ஒன்றியம் தங்கள் நாளை இதோடு சேர்த்துக்கொண்டது. சபைக்குச் சபை லெந்து காலக் கணக்கு வேறுபடுவதால், அந்த ஆண்டிலிருந்து மார்ச் மாத முதல் வெள்ளி என்று நிலையாகக் குறித்தார்கள்.

தமிழில் இதன் அருமை நன்றாகப் புரியும். புராட்டஸ்டண்ட் சபையில் ஜெபம் என்று எழுதுவார்கள். கத்தோலிக்கர்கள் செபம் என்று எழுதுவார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும், ஒருவர் ஆலயத்தில் மற்றவர் கால் வைக்காத காலம் இருந்தது. ஜெபமும் செபமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் நாட்களில் இது ஒன்று.

அடி வாங்கிய ஆண்டு

எல்லா ஆண்டும் சுமுகமாகப் போய்விடுவதில்லை. 2024-க்கான ஒழுங்கைப் பாலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்கள் எழுதியிருந்தார்கள். அன்பினால் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்பதே அதன் கருத்து. எழுதி முடித்து உலகெங்கும் அனுப்பும் வேளையில் 2023 அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியது. காசாவில் போர் மூண்டது.

ஜெர்மனியில் பெரிய விவாதம் கிளம்பியது. யூதர்களைக் கொன்று குவித்த பழைய பாவத்தின் நினைவு அந்த நாட்டில் இன்னும் ஆறவில்லை. அங்குள்ள கமிட்டி அட்டைப் படத்தைத் திரும்பப் பெற்றது. ஒழுங்கிலும் மாற்றம் செய்தது. எழுதிய பெண்களின் குரலை மாற்ற இவர்கள் யார் என்று ஒரு சாரார் கேட்டார்கள். போர்க்காலத்தில் கவனம் வேண்டாமா என்று மறு சாரார் கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் மனவருத்தம் இருந்தது. ஆனாலும் 2024 மார்ச் 1-ந் தேதி பல நாடுகளில் ஆலயங்கள் திறந்தன. பாலஸ்தீனப் பெண்களின் வார்த்தைகள் வாசிக்கப்பட்டன.

பெண்கள் நடத்துவதால் எல்லாம் இனிமையாக இருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை. பிறர் குரலை அப்படியே கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த ஆண்டு காட்டிக் கொடுத்தது.

பதினைந்தாயிரம் பேரின் நாடு

2025-ல் எழுதியவர்கள் குக் தீவுகளின் பெண்கள். அந்த நாட்டின் ஜனத்தொகை சுமார் 15 ஆயிரம். நம்மூர்ப் பெரிய கிராமம் ஒன்றில் அவ்வளவு பேர் இருப்பார்கள். அன்றைக்கு உலகமெங்கும் பெண்கள் கியா ஓரானா என்று அந்தத் தீவு மொழியில் வணக்கம் சொன்னார்கள். ஐக்கிய நாடுகள் சபையில்கூட உறுப்பினர் அல்லாத நாடு அது. இந்த மேடையில் அதற்கும் ஒரு முறை உண்டு.

2021-ல் வனுவாட்டு தீவுப் பெண்கள் எழுதினார்கள். 2015-ல் அந்தத் தீவைப் பெரும் புயல் புரட்டிப் போட்டது. சீறி வரும் அலையின் நடுவே, காற்றில் வளைந்த தென்னையின் கீழ், ஒரு தாய் குனிந்து தன் குழந்தையை மூடிக்கொள்ளும் காட்சி அட்டைப் படமாக வந்தது. அந்த ஆண்டு கொரோனாவினால் பல ஊர்களில் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. வீட்டிலிருந்தபடியே டெலிபோனிலும் கம்ப்யூட்டரிலும் கூடி ஜெபித்தார்கள். 2026-க்கு நைஜீரியப் பெண்கள் எழுதினார்கள். சுமை சுமந்து களைத்தவர்களுக்கு இளைப்பாறுதல் என்பது அவர்கள் எடுத்த பொருள்.

2013-ல் பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் எடுத்த தலைப்பு வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டியது. அந்நியனாக வந்தவனைச் சேர்த்துக்கொள்வது பற்றியது அது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களை நம் நாடு எப்படி நடத்துகிறது என்று அந்தப் பெண்கள் தங்களையே கேட்டுக்கொண்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போய், எந்த ஊர், என்ன பாஷை என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லித் திரும்பி வந்தவர்களுக்கு இந்தத் தலைப்பின் எடை தெரியும்.

ஜெபித்தால் போதுமா?

வருஷத்தில் ஒரு நாள் ஜெபம் செய்துவிட்டால் உலை கொதித்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இதை நடத்துகிறவர்களும் அதைத் தெரிந்தே இருக்கிறார்கள். விவரம் தெரிந்து ஜெபிக்க வேண்டும். ஜெபித்த பிறகு செயலில் இறங்க வேண்டும் என்பது அவர்களின் குறிக்கோள். முன்கூட்டியே அந்த ஆண்டின் நாட்டைப் பற்றிப் படிக்கிறார்கள். தேசப்படத்தில் அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அந்த நாட்டுப் பலகாரத்தைச் செய்து பார்க்கும் இடங்களும் உண்டு. காணிக்கை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான வேலைகளுக்குப் போகிறது.

நம் நாட்டுச் சபைகளிலும் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் உருவானது. அதில் பெண்ணுக்குக் குருப்பட்டம் கிடைக்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண் ஒருவர் பேராயராக வர 2013 ஆயிற்று; நந்தியால் பேராயராகப் புஷ்பலலிதா பொறுப்பேற்றார். இந்த இடைவெளி முழுவதிலும், வருஷத்துக்கு ஒருமுறை மார்ச் மாத முதல் வெள்ளியன்று பெண்கள் முன்னால் வந்து நின்று ஆராதனை நடத்திக்கொண்டுதான் இருந்தார்கள். தயங்கித் தயங்கி முதல் தடவை மைக்கைப் பிடித்த பெண்ணுக்கு, அடுத்த தடவை கை நடுங்காது. பழக்கம் என்பது அப்படித்தான் உரிமையாகிறது.

1927-ல் தொடங்கிய கணக்கில் நூறு ஆண்டு 2027 மார்ச்சில் நிறைகிறது. எங்கிருந்து வந்து எங்கே பிழைத்தாலும், தமிழர் கூடும் இடத்தில் ஆலயமும் சங்கமும் அமைந்துவிடுகின்றன. அவற்றில் பாய் விரிப்பதும், பூ வைப்பதும், தேநீர் கொடுப்பதும் பெண்கள்தான். காணிக்கை எண்ணும் மேஜையில் யார் உட்காருகிறார்கள், கணக்குப் புத்தகத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று அடுத்த மார்ச் முதல் வெள்ளிக்கு முன்பாக ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு சென்ட்டும் ஒரு பிடி அரிசியும் சேர்த்தவர்கள் கேட்டதும் அதைத்தான்.